இடது கண் மட்டும்

மட்டக்களப்பில் கச்சான் காற்று எழும்பிவிட்டால் மனிதருக்கும் மாட்டுக்கும் ஒரே குணம்தான். மேற்கே காய்ந்து கிடக்கும் காட்டுச் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு வாவியைத் தாண்டி வரும் அந்தக் காற்றில், வருசம் முழுக்க வாய் திறக்காத புருசனும் பொஞ்சாதியும்கூடக் கறிக்கு உப்புக் காணாது என்று சண்டை பிடிப்பார்கள். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு ஆடி மாதமும் அப்படித்தான் இருந்தது. யுத்தம் முடிந்து இரண்டு மாதமாகியும் சனங்களுக்கு அது முடிந்ததென்று முழுசாய் நம்பிக்கை வரவில்லை. காற்று மட்டும் வழக்கம்போல வந்து சேர்ந்தது.

பாலத்தடியில் இருந்தது மங்கையற்கரசியின் கண்ணாடிக் கடை. கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பது அவருடைய தொழில். காணாமற்போன மாடு, களவுபோன சங்கிலி, காரணமில்லாமல் முறிந்த கலியாணம் என்று ஊரார் கொண்டுவரும் சிக்கல்களை அவிழ்ப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. ஐம்பது தாண்டிய மனுசி. எதற்கும் அவசரப்பட மாட்டார். எதிரே இருப்பவர் எப்போது கண் சிமிட்டுகிறார், எப்போது சிமிட்ட மறக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அவருக்கு வலது கையாய் நின்றவர் காத்தான்குடி அசனார். ஓட்டோ ஓடுவது அசனாருக்கு ஒரு சாட்டு, துப்பறிவதுதான் உயிர். சவாரி இல்லாத நேரமெல்லாம் கடை வாசலில் பேப்பரை விரித்துக்கொண்டு, உள்ளே வருகிறவர்களைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று மத்தியானம் உள்ளே வந்தவருக்கு நாற்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். சட்டையில் மரத்தூள். பெயர் பாலசுந்தரம், ஊர் கரடியனாறு. ஷெல் அடியில் வீட்டை விட்டு, உளியையும் சீவுளியையும் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு நகர்ப்பக்கம் வந்து சேர்ந்த மரவேலைக்காரர்.

"கண்ணில என்ன பிரச்சினை, தம்பி?" என்று கேட்டார் மங்கையற்கரசி.

"எனக்கு ஒண்டுமில்ல மிஸ். என்ட பொஞ்சாதிட கண்தான்."

"அப்ப அவவக் கூட்டி வந்திருக்கலாமே."

"நான் மருந்து கேட்டு வரல்ல." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒராள்ட கண்ணீரப் பார்த்து, அது ஆருக்காக வருகுதெண்டு சொல்ல ஏலுமா மிஸ்?"

வாசலில் பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது. அசனார் கதிரையை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பாலசுந்தரம் தயங்கித் தயங்கிச் சொன்னார். மனைவி பெயர் தக்ஷாயினி. கல்குடாப் பக்கத்துப் பெண். முதல் புருசனைச் சுனாமி கொண்டுபோனது. அதற்குப் பிறகு தொண்டு நிறுவனம் ஒன்று வாவிக்கரையில் கட்டிக்கொடுத்த வீட்டில் தனியாய் இருந்து, தையல் தைத்துப் பிழைத்தாள். போன வருசம் ஆவணியில் இவர்களுக்குக் கலியாணம். எல்லாம் தெரிந்துதான் கட்டினார். நல்லாய்த்தான் இருந்தார்கள்.

"இந்த வைகாசியில தொடங்கின வினை மிஸ். நான் வீட்ட நிக்கிற நாளெல்லாம் அவட கண்ணால தண்ணி ஓடும். நான் வேலைக்குப் போனா ஒண்டுமில்ல. பக்கத்து வீட்டு அன்னப்பிள்ளைக்கா சொல்லுறா, நான் இல்லாட்டி சிரிச்சுக் கதைச்சுக்கொண்டுதான் தைப்பாவாம். என்னக் கண்டாத்தான் அழுகை. கேட்டா, 'நான் எங்க அழுறன், தூசி' எண்டுறா. நான் அந்த மனிசன்ட இடத்தில வந்து இருக்கிறது அவக்குத் தாங்க ஏலாமக் கிடக்குபோல."

"நீங்க என்ன செய்யிறதா இருக்கிங்க?"

"கட்டாருக்குப் போக ஏஜென்சிக்காரன் ஓமெண்டுட்டான். வெள்ளிக்கிழமை கையெழுத்து. வச்சா ரெண்டு வருசத்துக்குக் கிறுகி வர ஏலா. என்னாலதான் அவக்குக் கஷ்டமெண்டா நான் போயிடுறன். அவட வீடு, அவ நிம்மதியா இருக்கட்டும்." சட்டையில் இருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே, "எனக்குப் போக விருப்பமில்ல மிஸ்" என்றார்.

மட்டக்களப்பில் கலியாணம் கட்டினால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு வாசல் பெண்ணுக்கு. வந்தவன் என்னதான் உழைத்துப் போட்டாலும் கொஞ்சக் காலத்துக்கு விருந்தாளி மாதிரித்தான் இருப்பான். பாலசுந்தரத்தின் குரலில் அந்த விருந்தாளி இருந்தார். மங்கையற்கரசிக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. ஆனால் இரக்கம் வந்தால் அவர் இன்னும் கூடுதலாய்க் கேள்வி கேட்பார்.

"அவ அழக்குள்ள மூக்கு உறிஞ்சுவாவா?"

பாலசுந்தரம் யோசித்தார். "இல்ல மிஸ்."

"குரல் தழுதழுக்குமா?"

"அதுவும் இல்ல. கண்ணால தண்ணி ஓடும். வாய் மீன் விலை கதைக்கும். அதுதான் எனக்கு இன்னும் பயம். மனசுக்குள்ளயே வச்சு அழுறா."

"எந்த இடத்தில இருந்து அழுவா?"

"மெசினடியில. தைக்கக்குள்ளதான் கூட. சித்திரையில நான் அவக்கு ஒரு யன்னல் செஞ்சு குடுத்தன். முதிரைப் பலகை. மேற்குச் சுவர உடைச்சு, வாவி தெரியிற மாதிரி வச்சன். வெளிச்சம் இடப்பக்கத்தால விழட்டுமெண்டு மெசினையும் அதடியில போட்டுக் குடுத்தன். அந்த வீட்டில என்ட கையால ஆனது அது ஒண்டுதான்." அவர் கசப்பாய்ச் சிரித்தார். "நான் வேலிப் படலையத் தாண்டின உடன அத இழுத்துச் சாத்திடுவாவாம். அன்னப்பிள்ளைக்காதான் சொன்னா. நான் வாற நேரத்துக்குத் திறந்து வைப்பாவாம். யன்னலும் புடிக்கல்ல, செஞ்சவனையும் புடிக்கல்ல."

"நீங்க வீட்ட நிண்டும் அவ அழாத நாள் இருக்கா?"

"போன கிழமை ஒரு நாள் மழை பெய்ஞ்சுதே. அண்டைக்கு யன்னல் திறந்துதான் கிடந்தது, பகல் முழுக்கத் தைச்சா. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? அடுத்த நாள் வெயில் வந்திச்சு, அழுகையும் வந்திச்சு."

"கண்ணீர் எந்தக் கன்னத்தில முதல்ல வரும்?"

"இடப்பக்கம்." பாலசுந்தரம் தன் இடது கன்னத்தைத் தடவிக் காட்டினார். "இடது கண்தான் சிவக்கும்."

மங்கையற்கரசி ஒரு தரம் மெதுவாய்க் கண் சிமிட்டினார். அசனார் அதைப் பார்த்துவிட்டார். மிஸ்ஸுக்கு ஏதோ அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

"வேற ஏதாவது புதினமா இருக்கா, தம்பி?"

"இன்னும் ரெண்டு விசயம் மனசில முள்ளுமாதிரிக் கிடக்கு. அவக்கிட்ட ஒரு சின்னச் சிமிழ் இருக்கு. பிளாஸ்டிக். ஒட்டினாப்போல ரெண்டு குழி, ரெண்டு மூடி. ஒண்டு பச்சை, ஒண்டு வெள்ளை. விடிய எழும்பினதும் அத எடுத்துக்கொண்டு கிணத்தடி மறைப்புக்குள்ள போவா. பொழுதுபட மறுகாவும் கொண்டுபோவா. அந்த மனிசன்ட ஞாபகமா ஏதும் இருக்குமாக்கும். நான் தொட்டுப் பார்க்கல்ல. பார்க்கிறது சரியில்லத்தானே."

"மற்றது?"

"ஒரு நாள் பொழுதுபட்ட பிறகு மீன் வாங்கிக்கொண்டு போறன். லைட் வெளிச்சம் என்ட முகத்தில விழுகுது. படலையடியில நிக்கிற என்னப் பார்த்து, 'ஆரது?' எண்டு கேட்டா மிஸ். ஊர் பேர் தெரியாத ஆளக் கேக்கிற மாதிரி. கட்டின புருசன ஆரெண்டு தெரியாதா?"

மங்கையற்கரசி எழுந்து அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். "நாளைக்கு உங்கட வீட்ட வாறன். நீங்க வேலைக்குப் போங்க. ஆள் அனுப்பினா மட்டும் வாங்க" என்றார்.

மறுநாள் காலை ஓட்டோவில் ஏறியதிலிருந்து அசனாரின் வாய் மூடவில்லை. "கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிக்கிறதே மெய் எண்டு சும்மாவா சொன்னாங்க? நான் இரவு முழுக்க விசாரிச்சிட்டன் மிஸ்."

"ஆர விசாரிச்சிங்க?"

"என்ட மூளையத்தான். முதல் புருசன் மௌத்தாகல்ல. உசிரோட இருக்கார். வாவிக்கு அங்கால இருந்து வந்து தூரத்தில நிண்டு பார்த்திட்டுப் போறார். அந்த யன்னலால இவ அவரக் காணுறா, அழுறா. புருசன் இல்லாத நேரம் மனம் கேக்காம யன்னலச் சாத்திடுறா. எப்பிடி?"

"நல்லாத்தான் இருக்கு. மழை பெய்ஞ்சா மட்டும் அவர் வரமாட்டாராக்கும், தடிமன் புடிச்சிடுமெண்டு?"

அசனார் தேவையில்லாமல் ஒரு ஹோர்ன் அடித்தார். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ஓட்டோவுக்குள் குனிந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். கச்சான் மண்ணை அள்ளி முகத்தில் அடித்தது. மங்கையற்கரசி முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

நிறுவனம் கட்டிய வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. தக்ஷாயினியின் வீட்டைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்கத் தேவைப்படவில்லை. மேற்குச் சுவரில் முதிரை யன்னல் இருந்தது அந்த வீட்டுக்கு மட்டும்தான். அது சாத்தியிருந்தது.

மங்கையற்கரசி சட்டைத் துணி ஒன்றைக் கொடுத்து அளவெடுக்கச் சொன்னார். தக்ஷாயினி முப்பது வயது மதிக்கத்தக்கவள். மெலிந்த உடம்பு, பெரிய கண்கள். வந்தவர்களைக் கதிரையில் இருத்தி, சிரித்த முகமாய்க் கதைத்தாள். கண்கள் தெளிவாய் இருந்தன. மங்கையற்கரசி யன்னலுக்குக் கிட்டப் போய் விரலால் பலகையைத் தடவினார். முற்றமெல்லாம் புழுதி பறக்கிற அந்த ஊரில், யன்னல் பலகையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. தேங்காயெண்ணெய் பூசித் துடைத்த மினுக்கம்.

"வெளிச்சம் காணாதே மகள். யன்னலத் திறந்துபோட்டுத் தைங்களன்."

தக்ஷாயினி ஒரு நிமிசம் தயங்கினாள். பிறகு திறந்தாள். வாவி பளபளத்தது. சூடான காற்று மெசினுக்கு மேலால் வீசியது. அவள் ஊசிக்குக் கீழே துணியைப் பிடித்துத் தைக்கத் தொடங்கினாள். ஊசி ஓடுகிற நேரமெல்லாம் அவளுடைய இமை அசையவே இல்லை. கொஞ்ச நேரத்தில் இடது கண் சிவந்தது. பிறகு நிரம்பியது. பிறகு கன்னத்தால் வழிந்தது. "கை கொஞ்சம் இறக்கமா வைக்கட்டா?" என்று அவள் கேட்டாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"அசனார், தம்பியக் கூட்டிக்கொண்டு வாங்க" என்றார் மங்கையற்கரசி.

அசனாருக்குப் போக மனமே இல்லை. முக்கியமான நேரத்தில் தன்னை அனுப்புவதே மிஸ்ஸுக்கு வழக்கம் என்று முணுமுணுத்தபடி போனார். அவர் பாலசுந்தரத்தோடு திரும்பி வரும்போது, இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். தக்ஷாயினியின் கையை மங்கையற்கரசி பிடித்துக்கொண்டிருந்தார். அந்த இரட்டை மூடிச் சிமிழ் மெசின் மேல் இருந்தது. அதைக் கண்டதும் பாலசுந்தரம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்க தம்பி. முதல்ல ஒரு வேலை. இந்த மெசினத் தூக்கி மற்றப் பக்கமாத் திருப்பிப் போடுங்க. யன்னல் இவட வலப்பக்கம் வரவேணும்."

பாலசுந்தரமும் அசனாரும் மெசினைத் திருப்பிப் போட்டார்கள். தக்ஷாயினி இருந்து தைத்தாள். நான்கு பேரும் இருந்த அந்த அறையில் மெசின் சத்தமும் காற்றுச் சத்தமும்தான் கேட்டன. கொஞ்ச நேரம் சென்றது. அவளுடைய வலது கண் சிவந்தது. வலது கன்னத்தால் கண்ணீர் இறங்கியது. இடது கண் ஆறுதலாய் இருந்தது.

"யா அல்லா!" என்றார் அசனார்.

"கண்டிங்களா தம்பி? துக்கம் பக்கம் மாறாது" என்றார் மங்கையற்கரசி. "மனுசர் அழுதா ரெண்டு கண்ணாலயும் அழுவாங்க. மூக்கு நிரம்பும், தொண்டை அடைக்கும். இவக்கு அது ஒண்டுமில்ல. காத்துப் படுற கண் மட்டும் நிரம்புது. உங்கட பொஞ்சாதி அழுறல்ல. அவட கண் காயுது."

"காயிற கண்ணால தண்ணி ஓடுமா மிஸ்?"

"அங்கதான் நீங்க ஏமாந்திங்க. எல்லாரும் ஏமாறுற இடம் அது. நம்மட கண்ணுக்கு மேல எப்பவும் ஒரு மெல்லிய கண்ணீர்ப் போர்வை கிடக்கு. தண்ணியும், அது ஆவியாப் போகாம மேல துளி எண்ணெயும். ஒவ்வொருக்காக் கண் சிமிட்டக்குள்ளயும் இமை அந்தப் போர்வைய இழுத்து விரிச்சு விடுது. சிமிட்டாட்டி அது அங்கங்க பிய்யும். பிய்ஞ்ச இடம் எரியும். எரிஞ்சா கண் பயந்துபோய்க் கிணத்துத் தண்ணி மாதிரி அள்ளி ஊத்தும். ஆனா அந்தத் தண்ணி நிக்காது, வழிஞ்சு போயிடும். போர்வை பிய்ஞ்சபடிதான்."

"கச்சானுக்க ஊரே தைக்குதே. எல்லாருக்கும் இப்பிடி இல்லையே?" இந்தத் தரம் அசனாரின் கேள்வி சரியான கேள்வி. மங்கையற்கரசி அவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

"இல்லத்தான். அந்தப் போர்வை இவக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெதியாப் பிய்யுதெண்டு நேத்து எனக்குத் தம்பிதான் சொன்னார். பொழுதுபட்டாப் புருசன்ட முகம் தெரியாத கண். விடியவும் பொழுதுபடவும் மறைப்புக்குள்ள போற சிமிழ். பச்சை மூடி ஒரு கண்ணுக்கு, வெள்ளை மூடி மற்றக் கண்ணுக்கு." அவர் தக்ஷாயினியின் பக்கம் திரும்பினார். "மிச்சத்த நீங்க சொல்லுங்க மகள். அது என்ட வாயால வரக்கூடாது."

தக்ஷாயினி சேலைத் தலைப்பால் வலது கன்னத்தைத் துடைத்தாள். பாலசுந்தரத்தைப் பார்க்காமல், யன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

"கொன்டக்ட் லென்ஸ். கண்ணுக்குள்ளயே போடுற கண்ணாடி. அதில்லாட்டி எனக்குத் தூரத்தில ஒண்டும் தெரியா. சின்ன வயசில இருந்து தடிச்ச கண்ணாடி போட்டனான். சுனாமி அண்டைக்கு முதல் அடியிலயே அலை அதக் கொண்டுபோயிட்டுது. நான் ஒரு தென்னையப் புடிச்சுக்கொண்டு நிக்கிறன். தண்ணிக்குள்ள ஆக்கள் கத்துறாங்க. எனக்குக் கறுப்புப் பொட்டுப் பொட்டாத்தான் தெரியுது. அவர் என்ட பேரச் சொல்லிக் கூப்பிட்டார். எந்தப் பொட்டு அவரெண்டு எனக்குத் தெரியல்ல. எந்தப் பக்கம் கைய நீட்டுறதெண்டு தெரியல்ல."

அசனார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"முகாமுக்கு வந்த வெளிநாட்டுக் கண் டொக்டர்மார் இதத் தந்தாங்க. இப்ப கொழும்பில இருந்து மச்சாள் வாங்கி அனுப்புறா. மூக்கில மாட்டுற கண்ணாடிய என்னால இனி நம்ப ஏலா. மிஸ் சொல்லுறா, அலை வந்தா இதையும் கொண்டு போயிடுமெண்டு. எனக்கும் தெரியும். மனசுக்குத் தெரியல்ல."

"எனக்கு ஏன் சொல்லல்ல?" என்று கேட்டார் பாலசுந்தரம். கோபமாய்க் கேட்கவில்லை.

"எங்கட மாமி உங்கட ஆக்களுக்கு, ஒரு குறையுமில்லாத புள்ள எண்டு சொல்லித்தான் பேசி முடிச்சவ. மாமிட சொல்லப் பொய்யாக்க ஏலாமப் போச்சு. சொல்லாம விட்டது ஒரு நாள், ரெண்டு நாள்... பிறகு சொல்ல வாய் வரல்ல."

"யன்னல்? புடிக்காட்டிச் சொல்லியிருக்கலாம்தானே. மூடியிருப்பன்."

அவள் முதல் முறையாய் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "புடிக்காதெண்டு ஆர் சொன்ன? இந்த வீட்டில உங்கடையெண்டு இருக்கிறது அது ஒண்டுதான். நீங்க நிக்கக்குள்ள நான் அத எப்பிடிச் சாத்துவன்? நீங்க ஒவ்வொருக்காவும் வந்து அதில சாய்ஞ்சு நிண்டு வாவியப் பார்ப்பிங்க. அந்த நேரத்தில மட்டும்தான் நீங்க இந்த வீட்டுக்காரர் மாதிரி இருப்பிங்க. கண் எரிஞ்சா எரியட்டுமெண்டு விட்டிட்டன்."

பாலசுந்தரம் யன்னலைத் திரும்பிப் பார்த்தார். தினமும் தூசி தட்டி எண்ணெய் பூசியிருந்த பலகையை மங்கையற்கரசி சுட்டிக் காட்டினார். "புடிக்காத யன்னல ஒருத்தரும் இப்பிடித் துடைக்கமாட்டாங்க தம்பி. மழை நாளில காத்தும் இல்ல, சூடும் இல்ல. யன்னல் திறந்து கிடந்தும் கண் காயல்ல. நீங்க இல்லாத நாளில யன்னல் சாத்திக் கிடக்கும், கண் காயல்ல. அழுகை உங்களாலதான் வந்தது. ஆனா நீங்க நினைச்ச மாதிரி இல்ல."

பிறகு அவர் கடைக்காரியாய் மாறிவிட்டார். காற்றை மேலால் அனுப்புகிற மாதிரி யன்னலுக்குச் சரிவுப் பலகை அடிக்க வேண்டும். மெசினைத் தள்ளிப் போட வேண்டும். ஒரு தையல் முடிந்ததும் கண்ணை நல்லாய் மூடித் திறக்க வேண்டும். சொட்டு மருந்து ஒன்று தருவார். லென்ஸ் கிடக்கிற கண்ணில் அந்தப் போர்வை கெதியாய்ப் பிய்யும். அதனால் விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை லென்ஸோடு இருக்கக்கூடாது, பின்னேரத்துக்குக் கண்ணாடிதான்.

"கழுத்தில மாட்டுற மாதிரிக் கயிறு போட்டுத் தாறன் மகள். எந்த அலையும் கழட்டாத கயிறு. வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் கடைக்கு வாங்க."

"வெள்ளிக்கிழமை..." என்று இழுத்தார் பாலசுந்தரம்.

"ஓம், வெள்ளிக்கிழமைதான். அண்டைக்கு வேற எங்கயும் கையெழுத்து வைக்கிற வேலை இருந்தாச் சொல்லுங்க."

பாலசுந்தரம் வெட்கத்தோடு சிரித்தார். "ஒரு வேலையுமில்ல மிஸ். வாறம்."

தக்ஷாயினி சிமிழை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பழக்கத்தில் கிணற்றடி மறைப்புப் பக்கம் இரண்டடி வைத்தவள், நின்று திரும்பி வந்து, எல்லாருக்கும் முன்னால் கதிரையில் இருந்தாள். லென்ஸ் இரண்டையும் கழற்றிச் சிமிழுக்குள் போட்டு மூடினாள். அவளுடைய பார்வை திடீரென்று குழந்தையின் பார்வை போலாகி, எதிலும் தங்காமல் அலைந்தது.

"இப்ப என்னத் தெரியுதா?" என்று கேட்டார் பாலசுந்தரம்.

"ஆரோ நிக்கிறது தெரியுது. நீங்களெண்டு குரலாலதான் தெரியுது."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு வெளியே போய், முற்றத்தைக் கடந்து படலையடியில் நின்றார். அன்றொரு நாள் மீனோடு நின்ற அதே இடம். தக்ஷாயினி எழுந்து வாசற்படிக்கு வந்தாள்.

மங்கையற்கரசி அசனாரின் தோளைத் தட்டினார். இருவரும் வேலி ஓரமாய் நடந்து ஓட்டோவில் ஏறிக்கொண்டார்கள். அசனார் சட்டைப்பையில் இருந்த திறப்பை, சாவி தொலைந்த பாவனையில், ஓட்டோ முழுக்கத் தேடத் தொடங்கினார்.

முற்றத்தில் பாலசுந்தரத்தின் குரல் கேட்டது. "இப்ப தெரியுதா?"

"இல்ல."

காலடிச் சத்தம். "இப்ப?"

"இன்னும் இல்ல. நிக்க வேணாம், வாங்க."

"இப்ப?"

"சட்டை தெரியுது. முகம் இல்ல."

மறுபடியும் காலடிச் சத்தம். பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கச்சான் மட்டும் வேலியை ஆட்டிக்கொண்டிருந்தது. அசனாருக்குப் பொறுக்கவில்லை. ஓட்டோவின் பின்பக்கத்தால் எட்டிப் பார்த்தவர் பதறிப்போய்த் திரும்பினார்.

"மிஸ்! அவ அழுறாவே!"

"எந்தக் கண்ணால?"

அசனார் மறுபடி எட்டிப் பார்த்தார். "ரெண்டு கண்ணாலயும். மூக்கும் உறிஞ்சுறா."

"அப்ப சரி. ஓட்டோவ எடுங்க" என்றார் மங்கையற்கரசி.